ட்யூப் சுற்றிய இடத்தைத் தேடுங்கள்: கடற்கரைப் பிள்ளைகளுக்கு முதல் ப்ராடக்ட் டிசைன் ப்ராஜெக்ட்

ப்ராடக்ட் டிசைன் பேப்பர் இந்த செமஸ்டரில் வருகிறது, ஒரு ப்ராஜெக்ட் எடுத்து மாடலோடு கொடுக்க வேண்டும், என்ன எடுக்கலாம் என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மொபைல் ஸ்டாண்ட் வேண்டாம். பேனா ஸ்டாண்டும் வேண்டாம், தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். யூட்யூபில் ஒருவர் செய்து காட்டியதைப் பார்த்து அப்படியே வரைந்துவிடலாம் என்பதால் நீங்களாக எடுக்க வேண்டிய முடிவு எதுவும் அதில் மிஞ்சாது. அகலம் ஏன் 70 மில்லிமீட்டர் என்று விவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டால் முழிக்க வேண்டியதுதான். முதலாம் ஆண்டில் கற்றுக்கொள்ள வேண்டியதே அந்த ஏனுக்குப் பதில் வைத்திருக்கிற பழக்கத்தைத்தான். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம்.

இன்னொரு கோடியில் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். மீனவர்களுக்கு ஸ்மார்ட் படகு, ஆபத்தில் தானாகப் பறந்து போகிற ட்ரோன், அதற்கு ஒரு ஆப் என்று ஆரம்பிப்பார்கள். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அதில் கடைசியில் கைக்கு வருவது அழகான ஒரு படம் மட்டும், யாரும் தொட்டுப் பார்த்து இது சரியில்லை தம்பி என்று சொல்ல முடியாத படம்.

ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு இந்த விஷயத்தில் பெரிய வசதி ஒன்று உண்டு. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று எங்கே போனாலும் கையால் செய்கிற வேலை கண் முன்னால் நடக்கிறது. வலை பின்னுகிறார்கள், செதில் உரசுகிறார்கள், கருவாடு காயப்போடுகிறார்கள், பாசி எடுக்கிறார்கள், ஓலைப்பெட்டி முடைகிறார்கள், உப்பளத்தில் உப்பு வாருகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி இருக்கிறது, பெரும்பாலும் கையளவுக் கருவி. ப்ராஜெக்டுக்கு எடுக்கிற பொருள் இரண்டு கைக்குள் அடங்க வேண்டும், மூன்று பாகத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அதைத் தினமும் உபயோகிக்கிற ஆள் ஒருவர் நீங்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம். மூன்றாவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனென்றால் அந்த ஆளிடம் நீங்கள் திரும்பத் திரும்பப் போகப்போகிறீர்கள்.

எதைப் பார்ப்பது, எப்படிக் கேட்பது

கரைக்குப் போய் நோட்டைத் திறந்து "உங்களுக்கு என்ன பிரச்சனை" என்று கேட்காதீர்கள். டீசல் விலை, மீனுக்குக் கிடைக்கிற விலை, எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போவது என்று பேச்சு போகும். எல்லாம் உண்மையான பிரச்சனைகள், ஆனால் உங்கள் ப்ராஜெக்டால் தீர்கிறவை இல்லை. அதற்குப் பதிலாக ஒட்டுப் போட்ட இடங்களைத் தேடுங்கள். கைப்பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருக்கிறதா? விரலில் துணி கட்டியிருக்கிறார்களா? பழைய செருப்பை வெட்டி எதற்காவது அண்டக் கொடுத்திருக்கிறார்களா? ஐஸ் பெட்டி மூடி மேல் கல் வைத்திருக்கிறதா? கடையில் வாங்கிய பொருள் தன் கைக்கு ஒத்துவராமல் அவரே சரி செய்துகொண்ட இடம் அது. அவர் வாயால் சொல்லாத தேவை முழுவதும் அந்த ட்யூபில் எழுதியிருக்கிறது. எத்தனை சுற்று, எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பாம்பன் சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கிற பெண்களைப் பாருங்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்கிறார்கள், தண்ணீருக்குள் உதைத்துப் போக வசதியாகக் காலில் தகடு கட்டிக்கொள்கிறார்கள். யாரும் டிசைன் செய்து கொடுக்கவில்லை, அவர்களே யோசித்துச் செய்துகொண்டது. அந்தத் தகட்டின் வடிவத்தையும், காலோடு கட்டுகிற விதத்தையும் உட்கார்ந்து வரைந்தாலே ஒரு வார வேலை இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அவர்கள் பின்னாலேயே தீவுக்குப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. கரையில் வைத்துப் பேசினால் போதும்.

எப்போது போவது என்பதும் முக்கியம். ஏலம் நடக்கிற நேரத்தில் போய்க் குறுக்கே நிற்காதீர்கள். பல இடங்களில் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் பிரித்துக்கொண்டு கடலுக்குப் போவதால், யார் என்றைக்குக் கரையில் இருப்பார்கள் என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். வெயில் தாழ்ந்த பிறகு படகு நிழலிலோ மரத்தடியிலோ வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், அதுதான் பேசுகிற நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான் நிற்கும், வலை வேலையும் படகு வேலையும் அப்போதுதான் நிறைய நடக்கும். ஆனால் அது உங்களுக்குப் பரீட்சை நேரம், அவர்களுக்கு வருமானம் இல்லாத நேரம். அதை நம்பி ப்ராஜெக்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

போனதும் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எங்கே படிக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். "அண்ணே, இதை ஒரு தடவை மெதுவா செஞ்சு காட்டுறீங்களா" என்பது நல்ல ஆரம்பம். அப்புறம், "இதுல சீக்கிரம் உடையிறது எது?" பெண்களிடம் "அக்கா, எவ்வளவு நேரம் கழிச்சுக் கை வலிக்கும்?" என்று கேட்கலாம். போட்டோவும் வீடியோவும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை ரிப்போர்ட்டில் போடும்போது கை மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிப் போடுங்கள், பெயர் வேண்டாம்.

வலை ஊசி: முதலிலிருந்து கடைசி வரை

எல்லாவற்றிலும் நான் அதிகம் சிபாரிசு செய்வது வலை பின்னுகிற ஊசியைத்தான். கடையில் சில ரூபாய்க்குப் ப்ளாஸ்டிக்கில் கிடைக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அதை வைத்து வேலை செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

காலை நீட்டி உட்கார்ந்து, வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்து வைத்துக்கொள்வார். இடது கை வலைக்கண்ணைப் பிடிக்கும், வலது கையில் ஊசி. ஊசி கண்ணுக்குள் நுழைந்து, சுற்றி வந்து, முடிச்சு விழுந்ததும் ஒரு சுண்டு சுண்டி இறுக்குவார். நூல் போதாதபோது ஊசியைப் புரட்டி, நடுவில் இருக்கிற நாக்கைக் கட்டைவிரலால் அழுத்தி வெளியே தள்ளி, அதில் மாட்டியிருக்கிற சுற்று ஒன்றைக் கழற்றிவிடுவார். இதெல்லாம் பேசிக்கொண்டே, ஊசியைப் பார்க்காமலே நடக்கும். உங்கள் டிசைன் அந்தப் பார்க்காத கைக்கு ஒத்துப்போக வேண்டும்.

ஊசியின் வடிவம் இப்படி: தட்டையான உடல், ஒரு பக்கம் கூர், கூருக்குப் பின்னால் நீளமாக ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் வால் பக்கத்திலிருந்து கூரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிற நாக்கு, வாலில் கவட்டை மாதிரி ஒரு பிளவு. நூல் வால் பிளவிலிருந்து மேலே போய், நாக்கைச் சுற்றி, மறுபடி வாலுக்கு வரும், பிறகு ஊசியைத் திருப்பி அடுத்த முகத்தில் அதே மாதிரி.

இதில் இருக்கிற இழுபறியைக் கவனியுங்கள். நிறைய நூல் சுற்றினால் ஊசி தடித்துக் கண்ணுக்குள் போகாது. கொஞ்சமாகச் சுற்றினால் அடிக்கடி நிரப்ப வேண்டும். நாக்கு விறைப்பாக இருந்தால் அழுத்தக் கட்டைவிரல் வலிக்கும், மெலிதாக இருந்தால் அடியோடு உடையும். ஓரம் கூராக இருந்தால் நரம்பு வலையில், அதாவது ஒற்றை நைலான் இழை வலையில், மாட்டிக்கொள்ளும். இத்தனை முரண்பாடு உள்ள சின்னப் பொருளை வேறு எங்கே தேடுவது?

அளவு எடுக்க ஒரு வெர்னியர், ஒரு ஸ்கேல், கொஞ்சம் நூல், வரைபடத்தாள் போதும். வலைக்கண்ணை இழுத்துப் பிடித்தால் எதிரெதிர் முடிச்சுகளுக்கு நடுவில் இருக்கிற தூரம், ஒரு பக்க நீளத்தைப் போல இரண்டு மடங்கு. அவர் சொல்கிற அளவு எது என்று தெளிவாகக் கேட்டு எழுதுங்கள், இதில் குழம்பினால் ஊசி இரண்டு மடங்கு தப்பாகிவிடும். இப்போது ஒரு சின்னக் கணக்கு. கண்ணின் சுற்றளவு நான்கு பக்கமும் சேர்ந்தது. நூல் சுற்றிய ஊசியின் அகலத்தையும் தடிமனையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் ஊசியின் சுற்றளவு கிட்டத்தட்ட வந்துவிடும். ஆக அகலமும் தடிமனும் சேர்ந்து, ஒரு பக்க நீளத்தின் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. பக்கம் 15 மில்லிமீட்டர் என்றால் உச்ச வரம்பு 30. உரசாமல் போய் வர, அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 20 என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம். அகலம் 14, நூலோடு தடிமன் 6. உடல் 3 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு முகத்திலும் ஒன்றரை மில்லிமீட்டர் நூல் சுற்றலாம். அகலம் ஏன் 14 என்று யார் கேட்டாலும் இனி பதில் இருக்கிறது.

சரி, இப்போதாவது லேப்டாப்பைத் திறக்கலாமா என்றால், இல்லை. முதலில் பேனாவால் கை வரைபடங்கள். பென்சில் வேண்டாம், அழிக்கத் தோன்றும். ஒரு பக்கத்துக்கு ஆறு ஏழு சின்னச் சின்னப் படங்கள், ஒவ்வொன்றிலும் பிடித்திருக்கிற கையையும் சேர்த்து வரையுங்கள். கை அழகாக வர வேண்டியதில்லை, விரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அதில் மூன்றைத் தேர்ந்தெடுத்துப் பெயின்ட் வாளி மூடியிலோ வேறு தடித்த ப்ளாஸ்டிக்கிலோ வெட்டுங்கள். பேப்பரில் வரைந்து, மேலே ஒட்டி, ப்ளேடால் வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உண்மையாகவே நூல் சுற்றிப் பின்னிப் பார்க்கிற ஊசி கிடைத்துவிடும். மூங்கில் சிம்பைச் சீவியும் செய்யலாம், அது இன்னும் நன்றாக வேலை செய்யும். அட்டை இதற்கு ஆகாது, நாக்கு மடங்கிவிடும்.

மூன்றையும் எடுத்துக்கொண்டு திரும்பக் கரைக்கு. எது நல்லது என்று கேட்க வேண்டாம், மூன்றையும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். எதைக் கீழே வைக்கிறார், எதைத் திரும்ப எடுக்கிறார் என்று பாருங்கள். நம் முகத்துக்காக எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கைக்கு அந்த முகதாட்சண்யம் தெரியாது.

கணினியில் வரையும்போது

எந்த மென்பொருள் என்பதில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். கல்லூரியில் சாலிட்ஒர்க்ஸ் இருந்தால் அதிலேயே செய்யுங்கள். சொந்த லேப்டாப் பழையது, நெட் சரியாக வராது என்றால் ஃப்ரீகேட். இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். நெட் நன்றாக இருந்தால் ப்ரவுசரிலேயே ஓடுகிற ஆன்ஷேப் இருக்கிறது, ஆனால் இலவசக் கணக்கில் போடுவது எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். ஃப்யூஷன் மாணவர்களுக்கு இலவசம். ப்ளெண்டரில் படம் பிரமாதமாக வரும், ஆனால் அளவு வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கிற இந்த வேலைக்கு அது தோதுப்படாது.

வரையத் தொடங்குமுன் அளவுகளுக்குப் பெயர் வைத்து ஒரு பட்டியல் போடுங்கள்: கண் பக்கம், நூல் தடிமன், உடல் அகலம், உடல் கனம், நாக்கு அகலம், நாக்கு நீளம், வால் பிளவு ஆழம். ஃப்ரீகேட்டில் இதற்கு ஸ்ப்ரெட்ஷீட் உண்டு, மற்றவற்றில் பாராமீட்டர் அல்லது வேரியபிள் என்று இருக்கும். உடல் அகலம் என்பதை 14 என்று எண்ணாக அடிக்காமல் கண் பக்கத்தோடு கணக்குப் போட்டு இணைத்துவிட்டால், நாளைக்கு நண்டு வலைக்காரர் ஒருவர் எனக்கு இன்னும் பெரிதாக வேண்டும் என்றால் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும், முழு ஊசியும் கூடவே மாறும். இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால் இந்தப் பேப்பரில் பாதி முடிந்தது.

பிறகு நடுக்கோடு ஒன்று போட்டு, ஒரு பாதியை மட்டும் வரைந்து, மறு பாதியைக் கண்ணாடிப் பிம்பமாக எடுங்கள். எல்லாக் கோடும் அளவால் கட்டுப்பட்டிருக்க வேண்டும், இழுத்தாலும் நகரக் கூடாது. ஃப்ரீகேட்டில் ஸ்கெட்ச் பச்சையாக மாறும், ஃப்யூஷனிலும் ஆன்ஷேப்பிலும் கோடு கறுப்பாகும். அதற்குப் பிறகுதான் கனம் கொடுப்பது. ஓரத்தை மழுக்குகிற ஃபில்லட் எல்லாம் கடைசியில், முதலிலேயே போட்டால் அளவை மாற்றும்போது ஒவ்வொன்றாக உடைந்து சிவப்புக் கோடாக வந்து நிற்கும். ஒரே ஒரு விதிவிலக்கு, நாக்கின் அடி. நூல் இழுப்பதும் அங்கே, வளைவதும் அங்கே. அந்த மூலை கூராக இருந்தால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். அதனால் அந்த வளைவை ஸ்கெட்சிலேயே ஒரு அளவாக வைத்துவிடுங்கள். நாக்கு விறைப்பாக இருக்கிறது என்று அவர் சொன்னால் கனத்தைக் கொஞ்சம் மட்டும் குறையுங்கள். விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது, 3 மில்லிமீட்டரை 2.5 ஆக்கினாலே விறைப்பு கிட்டத்தட்ட 58 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

3டி பிரிண்ட் போடும்போது ஊசியைப் படுக்கவைத்துத்தான் போட வேண்டும். நிற்கவைத்துப் போட்டால் அடுக்குகள் குறுக்கே விழும், நாக்கை முதல் தடவை அழுத்தும்போதே அடுக்குக்கு அடுக்கு பிரிந்துவிடும். பிரிண்டருக்குப் போடுகிற ப்ளாஸ்டிக்கில் பிஎல்ஏ எல்லா லேபிலும் இருக்கும், பார்த்துப் பழக அது போதும். ஆனால் அது நொறுங்கும் குணம் உள்ளது, அதோடு 60 டிகிரி பக்கத்திலேயே இளகும். மே மாத வெயிலில் பூட்டிய வண்டிக்குள் வைத்தால் வளைந்துவிடும். பெட்ஜி என்கிற இன்னொரு ப்ளாஸ்டிக் அதைவிட வளைந்துகொடுக்கும், ஏறக்குறைய 80 டிகிரி வரை தாங்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஃபிலமெண்ட் என்கிற ப்ளாஸ்டிக் இழைச் சுருளைத் திறந்து போட்டுவைக்காதீர்கள், ஈரம் ஏறினால் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பிரிண்டுக்காக எடுக்கிற எஸ்டிஎல் ஃபைலுக்கு அளவு அலகு கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும்: மில்லிமீட்டரில் வரைந்ததை அங்குலமாக எடுத்துக்கொண்டால் ஊசி 25.4 மடங்கு பெரிதாகிவிடும். பிரிண்டுக்கு அனுப்புமுன், மாடலை அடுக்கடுக்காகப் பிரிக்கிற ஸ்லைசர் மென்பொருளில் நீளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கைப்பிடி என்றால் மண்

வலை ஊசி தட்டையானது, கோடும் வளைவுமாக வரைந்துவிடலாம். செதில் உரசுகிற கருவி, பாசி சுரண்டுகிற கருவி, உப்பு வாருகிற பலகையின் பிடி மாதிரி ஏதாவது எடுத்தால் வேறு வழியில் போக வேண்டும். பிடியைத் திரையில் இழுத்து இழுத்து அழகாக்குவதில் அர்த்தமே இல்லை, கைக்குத் திரை தெரியாது.

குயவர் மண் கொஞ்சம் வாங்கி, ஒரு குச்சியைச் சுற்றிப் பொதிந்து, மேலே மெல்லிய ப்ளாஸ்டிக் கவர் போட்டு, அதைப் பிடித்துச் செதில் உரசுகிற மாதிரி செய்து காட்டச் சொல்லுங்கள். சும்மா அமுக்கினால் வருகிற வடிவம் வேறு, வேலை செய்யும்போது வருகிற வடிவம் வேறு. கை ஈரமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மீன் மார்க்கெட்டில் காய்ந்த கை என்று ஒன்று இல்லை. வழுக்குகிற கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், அந்த இறுக்கம் மண்ணில் பதியும். அப்புறம் குச்சியை மெல்ல உருவிவிட்டு, மண் காயுமுன் ஒரு நூலால் 15 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வரைபடத்தாளில் வைத்து ஓரத்தை வரைந்துகொள்ளுங்கள். அந்தத் தாளை ஸ்கேலோடு சேர்த்துப் போட்டோ எடுக்க வேண்டும், கிட்டத்திலிருந்து எடுக்காமல் தள்ளி நின்று ஜூம் செய்து நேர் மேலிருந்து எடுத்தால் கோணல் குறையும். அதைக் கணினியில் பின்னணியாக வைத்து, ஒவ்வொரு வெட்டையும் வளைகோடாக வரைந்து, வெட்டுகளை இணைத்து ஒரே உடலாக்குகிற லாஃப்ட் கொடுத்தால் கைப்பிடி உருவாகிவிடும்.

இதைக் குறைந்தது மூன்று பேரிடம் செய்யுங்கள், அதில் பெண்கள் கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் மீன் அறுத்துக் கொடுக்கிற வேலையில் பெரும்பாலும் அவர்கள்தான் இருக்கிறார்கள். ஒருவருடைய விரல் தடத்தை அப்படியே பள்ளம் பள்ளமாகப் பிடியில் செதுக்கிவிடாதீர்கள். அது அவருக்கு மட்டும் பொருந்தும், அடுத்தவர் விரல் மேட்டில் உட்கார்ந்து வலிக்கும். மூன்று பேரின் வெட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, பொதுவாக வருகிற வடிவத்தை மட்டும் எடுங்கள். இறுக்கிப் பிடிக்கிற பிடிக்கு விட்டம் பொதுவாக 30 முதல் 40 மில்லிமீட்டர் வரை சரியாக இருக்கும். உங்கள் வெட்டு அதற்கு ரொம்பத் தள்ளி வந்தால் அளவை மறுபடி பாருங்கள்.

மரத்தில் செய்ய நினைத்தால் சீமைக்கருவேலம் இருக்கவே இருக்கிறது. மாவட்டம் முழுக்க அடுப்புக்கும் கரிமூட்டத்துக்கும் போகிற மரம், ஆனால் நல்ல கடினம், பிடிக்கு அருமையாக வரும். பச்சையாக எடுக்காமல் காய்ந்த கட்டையாகப் பாருங்கள், பச்சை மரம் காயும்போது வெடிக்கும். பிரிண்டரில் செய்த பிடியையும் கருவேலம் பிடியையும் அதே அக்காவிடம் கொடுத்துப் பார்த்து, எதை ஏன் எடுத்தார் என்று எழுதினால் ரிப்போர்ட்டில் அதுதான் நல்ல பக்கமாக இருக்கும்.

ஓலைப்பெட்டி எடுக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும்: ஒவ்வொரு ஓலையையும் மேலும் கீழுமாகக் கணினியில் பின்ன முயலாதீர்கள், லேப்டாப் திணறும், நாட்கள் போகும், டிசைனுக்கு ஒன்றும் கிடைக்காது. பெட்டியின் உடலை ஒரே பரப்பாக வரைந்து, மூடி உட்காருகிற இடத்தையும் பிடியையும் மட்டும் கவனியுங்கள். முடைவதை ஓலையிலேயே செய்து காட்டுங்கள்.

உப்பு

இந்தக் கரையில் எந்தப் பொருள் செய்தாலும் உப்பு அதைத் தின்னப் பார்க்கும், அதையும் டிசைனிலேயே சேர்க்க வேண்டும். திருகாணி, கீல், கம்பி, ஸ்ப்ரிங் என்று உலோகம் எங்கே வந்தாலும் சின்னச் சோதனை ஒன்று வையுங்கள். சாதா இரும்பு, துத்தநாகம் பூசியது, பித்தளை, ஸ்டெயின்லெஸ் என்று நான்கு ஆணி வாங்கி, கடல் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி, தினமும் நனைத்துத் தினமும் காயவிடுங்கள். இன்னொரு செட்டைக் குடிதண்ணீரில் அதே மாதிரி. முழுக்கத் தண்ணீரில் கிடப்பதைவிட நனைந்து காய்ந்து நனைவதுதான் இரும்பைச் சீக்கிரம் அரிக்கும், அலை தெறிக்கிற இடத்தில் தூண் முதலில் துருப்பிடிப்பது அதனால்தான். ஸ்டெயின்லெஸிலும் ரகம் உண்டு. வீட்டுப் பாத்திரத்துக்கு வருகிற 304 கடல் உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும், 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் இன்னும் தாங்கும். அலுமினியத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் உப்புத் தண்ணீரில் அலுமினியம்தான் அரிபடும், நடுவில் ப்ளாஸ்டிக் வாஷர் வைக்க வேண்டும்.

இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் பாம்பனுக்குப் போங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்றுவதே ரயில்வேக்குத் தீராத வேலையாக இருந்தது, 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ஸ்டெயின்லெஸ் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு, முழுக்க வெல்டிங் செய்த இணைப்பு. உப்புத் தண்ணீர் தங்குகிற இடுக்கு இல்லாமல் செய்வது உங்கள் ஐஸ் பெட்டிக் கொக்கிக்கும் பொருந்தும்: தண்ணீர் தேங்குகிற குழி வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டுமென்றால் அடியில் வடிய ஓட்டை விடுங்கள். இரண்டு பிரிண்ட் பாகம் ஒன்றுக்குள் ஒன்று நகர வேண்டுமென்றால் பக்கத்துக்கு 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இடைவெளி கொடுங்கள். மணலும் உப்பும் புகுகிற இடமென்றால் இன்னும் தாராளமாக, இல்லாவிட்டால் சீக்கிரமே இறுகிப்போகும்.

கொடுக்க வேண்டியவை

ரிப்போர்ட்டில் பளபளப்பான ரெண்டரிங் ஒரு பக்கம் போதும். மீதிப் பக்கங்களில் ட்யூப் சுற்றிய பழைய கருவியின் படம், கை வரைபடங்கள், வெட்டிப் பார்த்த மாடல்கள், எது வேலை செய்யவில்லை, அவர் என்ன செய்தார், அதனால் எந்த அளவு எதுவாக மாறியது என்று வரட்டும். உடைந்த மாடல்களைத் தூக்கிப் போடாமல் தேதி எழுதி வைத்திருந்து விவாவுக்கு எடுத்துப் போங்கள். அளவு குறித்த எஞ்சினியரிங் வரைபடத்தை முதல் கோண முறையில் (மேல் தோற்றம் முன் தோற்றத்துக்குக் கீழே வருகிற முறை) கொடுங்கள், மென்பொருளில் மூன்றாம் கோணம் போட்டிருந்தால் அமைப்பில் போய் மாற்ற வேண்டியிருக்கும். முக்கியமான அளவுகளை மட்டும் குறித்தால் போதும், ஆனால் அந்தத் தாளை வைத்து ஒரு பட்டறைக்காரர் உங்களைக் கேட்காமல் செய்துவிடக்கூடியதாக இருக்க வேண்டும். ஃபோல்டரில் மென்பொருளின் சொந்த ஃபைல், மற்ற மென்பொருளிலும் திறக்கிற ஸ்டெப் ஃபைல், எஸ்டிஎல் மூன்றும் இருக்கட்டும், எஸ்டிஎல் மட்டும் இருந்தால் அடுத்த வருடம் யாராலும் அளவை மாற்ற முடியாது.

கடைசியாக, மார்க் வந்த பிறகு சரியாக வந்த ஊசி ஒன்றை, முடிந்தால் ஐந்தாறாகப் போட்டு, உங்களுக்காக உட்கார்ந்து செய்து காட்டியவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். அதில் எங்கேயாவது ட்யூப் சுற்றியிருந்தால் அடுத்த செமஸ்டர் ப்ராஜெக்ட் தயார்.